பத்து பதினாறான கதை

போன மாதம் வடசேரியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, கூடப் படித்த ஒருவர் பேப்பரை மடித்து என் முன்னால் போட்டார். குமரிக் கடலில் எண்ணெய் தேடப் போவது பற்றியும் மீனவர்கள் அதை எதிர்ப்பது பற்றியும் செய்தி.

"வேய், நீரு முப்பது வருசம் எண்ணெய்க் கம்பெனியிலதான கெடந்தீரு? கடலுக்கு அடியில எண்ணெய் கெடக்குன்னு எப்பிடிவே கண்டுபிடிக்கானுவ?"

"எண்ணெய்க் கம்பெனி இல்லவே. எண்ணெய் தேடுகவனுக்கு டேப்பு மாத்திக் குடுக்க கம்பெனி."

"டேப்புன்னா? பாட்டு டேப்பா?"

இந்தக் கேள்வியை என் கல்யாணத்தின்போது மாமனார் கேட்டார். பிறகு பிள்ளைகள் கேட்டார்கள். இப்போது பேரனும் கேட்டுவிட்டான். யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வேலை என்னவென்று புரியும். அதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தரையில் ஒரு சிறு குழி தோண்டி, கொஞ்சம் டைனமைட் வைத்து வெடிப்பார்கள். அந்த அதிர்வு பூமிக்குள் போய், பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வரும். அது எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது, எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்பதை, தரையில் வரிசையாகக் குத்தி வைத்த ஜியோபோன்கள் பிடிக்கும். எல்லாவற்றின் கேபிளும் ஒரு லாரியில் போய்ச் சேரும். லாரிக்குள் ஒரு ரெக்கார்டிங் மெஷின், அதன் முன்னால் 'அப்சர்வர்' என்று அழைக்கப்படும் மனிதர். அவர்தான் அங்கே ராஜா. அவர் கை காட்டினால்தான் வெடி வெடிக்கும். காவிரிப் படுகையில் அறுவடை முடிந்த வயல்களில் இப்படி வேலை நடப்பதைத் தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் இருந்த நண்பர்கள் பார்த்திருப்பார்கள். ஓ.என்.ஜி.சி. 1956-ல் தொடங்கியது. அறுபதுகளிலேயே காரைக்காலில் கிணறு தோண்டினார்கள். நரிமணம் என்ற பெயர் எண்பதுகளில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

நான் இளவயதில் இரண்டு சீசன் அப்படி ஒரு லாரியில் எடுபிடியாக இருந்திருக்கிறேன். வயல் வெயிலை அதற்கு மேல் உடம்பு தாங்கவில்லை. சென்னையில் ஏசி அறைக்கு வந்துவிட்டேன்.

வெடி ஒன்றுக்குப் பதிவு 5 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 96 வரிசை ஜியோபோன்கள். ஒவ்வொன்றையும் 2 மில்லி விநாடிக்கு ஒருமுறை மெஷின் அளக்கும். ஆக, ஒரு வெடிக்கு 2,40,000 எண்கள். அவை அரை அங்குல அகலமும் 2400 அடி நீளமும் உள்ள காந்த டேப்பில் போய் உட்காரும். தோசைக்கல் அளவு ரீல். இதுதான் கள டேப்.

இதை அப்படியே கம்ப்யூட்டரில் போட்டு வேலை பார்க்க முடியாது. ஏன் என்று விளக்க நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியைத்தான் சொல்வேன். பரிமாறுகிறவன் என்ன செய்கிறான்? பருப்பு வாளியை எடுத்துக்கொண்டு முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை ஓடுகிறான். பிறகு சாம்பார் வாளி. பிறகு புளிசேரி. அவன் கணக்கில், 96 இலைக்கும் பருப்பு, 96 இலைக்கும் சாம்பார் என்றுதான் வரிசை. சாப்பிடுகிறவனுக்கு அந்த வரிசை எதற்கு? அவன் இலையில் பருப்பில் தொடங்கி மோர் வரை என்ன விழுந்தது என்பதுதான் அவன் சாப்பாடு. அந்தக் கால ரெக்கார்டிங் மெஷின் பரிமாறுகிறவன் மாதிரி. முதல் நொடித்துளியில் 96 ஜியோபோனும், அடுத்த நொடித்துளியில் 96 ஜியோபோனும் என்று எழுதிக்கொண்டே போகும். அதை இலை இலையாகப் பிரித்து அடுக்க வேண்டும். 'டிமல்டிபிளெக்ஸ்' என்று அதற்குப் பெயர்.

பிரித்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் ஆய்வுப் புவி இயற்பியலாளர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, சுருக்கமாக எஸ்.ஈ.ஜி. டேப்பில் எந்த இடத்தில் எதை எழுத வேண்டும் என்று அவர்கள் விதி போட்டார்கள். களத்தில் பதிவதற்கு செக்-ஏ, செக்-பி, செக்-சி, பிறகு செக்-டி. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கொடுப்பதற்கு 1975-ல் செக்-ஒய். இந்தச் செக்-ஒய் பெரிய ஆயுசுள்ள ஆள். இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான் ஓடுகிறது. அதன் முன்பக்கத்தில் 3200 எழுத்து கொண்ட ஒரு முகவுரை இருக்கும். 40 வரி, வரிக்கு 80 எழுத்து. ஏன் 80? பழைய துளை அட்டையில் 80 எழுத்துதான் கொள்ளும். அட்டை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அதன் அளவு மட்டும் போகவில்லை. முகவுரைக்குப் பிறகு 400 பைட்டில் பொதுத் தகவல். அப்புறம் ஒவ்வொரு இலைக்கும் தலையில் 240 பைட்டு: எந்த ஃபைல், எத்தனையாவது ஜியோபோன், வெடி எங்கே, ஜியோபோன் எங்கே என்று.

செக்-டியிலிருந்து செக்-ஒய்க்கு மாற்றுவதுதான் என் வேலை. முக்கால்வாசி மொழிபெயர்ப்பு என்று சொல்லலாம். பழைய மெஷின்கள் இடத்தை மிச்சம் பிடிக்க, நாலு எண்களை 10 பைட்டுக்குள் திணித்து வைத்திருக்கும். முதலில் நாலு எண்களுக்கும் உரிய அடுக்குகள், அதன் பின்னால் நாலு எண்கள். அதைப் பிரித்து, ஐ.பி.எம். கம்ப்யூட்டர் எண்ணை எழுதும் முறையில் மாற்றி எழுத வேண்டும். ஒரு பிட் தள்ளிப் படித்தாலும் பாறை அடுக்கு வர வேண்டிய இடத்தில் அரிசி கொட்டின மாதிரி ஒரு படம் வரும். அந்த மாதிரித் தப்பு நல்ல தப்பு. கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நம்ம ஊர்ப் பழைய ஆதாரங்களைப் படித்தவர்களுக்கு இந்த வேலையின் ருசி தெரிந்திருக்கும். எங்கள் தாத்தா காலத்து ஆதாரம் எல்லாம் கொல்லம் ஆண்டில்தான். ஆங்கில ஆண்டுக்கு மாற்ற 825 கூட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். '99 வெள்ளம்' என்று பெரியவர்கள் சொல்வது கொல்லம் 1099 ஆடியில் வந்த வெள்ளம், 1924 ஜூலை. கணக்கு சரி. ஆனால் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824-தான் கூட்ட வேண்டும். 1100 ஆவணி என்றால் 1924 தான், 1925 இல்லை. இதைக் கவனிக்காமல் ஒரு வருஷம் தள்ளி எழுதி, பாகப் பத்திரத்தில் எது முந்தியது எது பிந்தியது என்று கோர்ட்டு வரைக்கும் போன குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. எழுதினவன் பேரில் தப்பே இல்லை, மாற்றினவன் பேரில்தான்.

என் கதையும் அதுதான்.

1994. ரீல் டேப்பின் காலம் முடிந்து, கைக்கடக்கமான கார்ட்ரிட்ஜ் வந்துவிட்டது. எண்பதுகளில் எடுத்த பழைய கள டேப்புகளைச் செக்-ஒய்யாக மாற்றி கார்ட்ரிட்ஜில் தர வேண்டும் என்று ஒரு வேலை வந்தது. யாருடைய டேப், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். பழைய டேப்பைக் கையாளுவது கிழவரைக் குளிப்பாட்டுவது போன்ற வேலை. சிலது பசை விட்டு ஒட்டிக்கொள்ளும். மிதமான சூட்டில் வைத்து, ஈரத்தை எடுத்து, ஒரு தடவை, இரண்டு தடவைக்குள் படித்துவிட வேண்டும். படித்து முடித்த ரீல்களை அழித்துவிடுவதாக ஏற்பாடு. வைக்க இடமில்லை.

புரோகிராம் நான் எழுதினேன், ஃபோர்ட்ரானில். ஏற்கெனவே வேறொரு மெஷினின் டேப்புக்கு எழுதி வைத்திருந்ததில் பாதியை எடுத்து இதில் ஒட்டினேன். பரிசோதனைக்கு ஒரு டேப்பின் முதல் 8 ஃபைல்களை மாற்றிப் பார்த்தோம். ஃபைல் எண் 1, 2, 3 என்று 8 வரை எல்லாம் சரி. படமும் கண்ணாடி மாதிரி இருந்தது. வேலையைத் தொடங்கினோம்.

முதல் லைனுக்கு 7 டேப். அதற்கான அப்சர்வர் ரிப்போர்ட்டும் கூடவே வந்திருந்தது. எந்த ஃபைல் எந்த இடத்தில் வெடித்தது என்பது டேப்பில் இருக்காது. அது அப்சர்வர் கையால் எழுதிய தாளில்தான் இருக்கும். ஃபைல் எண் ஒன்றுதான் இரண்டையும் கோர்க்கும் நூல். தாளைப் புரட்டியதுமே கையெழுத்து எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எடுபிடியாக இருந்த லாரியின் அதே அப்சர்வர். கல்குளம் தாலுகாக்காரர். 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவேன். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவார், ஒன்றோடு குழம்பக்கூடாது என்று. குறிப்பு எழுதுவதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. 'கிணறு பக்கத்தில் இருப்பதால் 57-வது வெடி தள்ளி வைக்கப்பட்டது', '31-வது டிரேஸ் செத்துவிட்டது, மாடு கேபிளைக் கடித்தது', 'கோயில் கொடை, மைக் செட் சத்தம்' என்றெல்லாம் ஆங்கிலத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார்.

ஆனால் கோர்த்துப் பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை. ரிப்போர்ட் 412-வது ஃபைலோடு முடிகிறது. என் லிஸ்டோ 1042 வரை போகிறது. டேப்பில் இருந்த பாதிக்கு மேற்பட்ட ஃபைல்களுக்கு ரிப்போர்ட்டில் இடமே இல்லை. இடம் கிடைத்தவையும் தப்பான இடத்தில் உட்கார்ந்தன. புராசஸிங் செய்த அம்மா ஒருவர், சிதம்பரத்துக்காரர், என் மேசைக்கு வந்து, "சார், வெடிக்குப் பக்கத்தில இருக்கிற ஜியோபோனுக்கு முதல்ல சத்தம் வரணும்ல? இதுல தூரத்தில இருக்கிறதுக்கு முதல்ல வருது" என்றார்.

இங்கேதான் நான் சறுக்கினேன். கம்ப்யூட்டர் சொன்னதை நம்பினேன், மனிதர் எழுதியதைச் சந்தேகப்பட்டேன். பல வருஷத்துக்கு முந்தைய தாள், எத்தனை கை மாறியதோ, பக்கம் தொலைந்திருக்கும், அண்ணாச்சிக்கும் வயசாகிக்கொண்டிருந்த காலம் என்று என்னென்னவோ காரணம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலாளர் எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். 'அப்சர்வர் ரிப்போர்ட் கவனக்குறைவாக எழுதப்பட்டுள்ளது. அதிலுள்ள ஃபைல் எண்கள் நம்பத்தக்கவை அல்ல' என்று. அந்த வாசகம் இன்றைக்கும் மனசில் அப்படியே இருக்கிறது. நாலு பிரதி டைப் அடித்து நாலு இடத்துக்குப் போயிற்று.

அதற்கு மேலாளர் சொன்ன வழி, எண்ணை விட்டுவிடு, டேப்பில் எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையிலேயே ரிப்போர்ட்டின் வரிகளை ஒட்டிக்கொண்டு போ என்பது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது டேப்பில் ஒட்டிக்கொண்ட ஓர் இடத்தில் 4 ஃபைல்கள் படிக்கவே வரவில்லை. வரிசையாக ஒட்டினால் அதற்கப்புறம் வருவதெல்லாம் நாலு இடம் தள்ளிப் போகும். வெடிக்கு வெடி 50 மீட்டர். நாலு வெடி என்றால் 200 மீட்டர். பூமிக்கடியில் ஒரு மேடு இருக்கிற இடத்தை 200 மீட்டர் தள்ளிக் காட்டினால், அதை நம்பிக் கோடிக்கணக்கில் செலவழித்துத் தோண்டுகிறவன் கதி என்ன? சரி செய்ய மூல டேப்பும் இருக்காது. அடுத்த திங்கட்கிழமை அந்த ரீல்கள் அழிப்புக்குப் போவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி. அந்த 4 ஃபைல்களை இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம் என்று தனியாக உட்கார்ந்திருந்தேன். டேப்பில் இருப்பதை எந்த மாற்றமும் இல்லாமல் பைட்டு பைட்டாகப் பேப்பரில் அடித்தேன். பதினாறு அடிமான எண்ணில் வரும், எங்களுக்குப் பழக்கம். ஒரு ஃபைலின் முதல் இரண்டு பைட்டு, 00 10. பக்கத்தில் என் லிஸ்ட், ஃபைல் எண் 16.

கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு காதெல்லாம் சூடாகிவிட்டது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் எண்ணை இரண்டு விதமாக எழுதலாம். முழு எண்ணையும் இரண்டடிமானத்துக்கு மாற்றி எழுதுவது ஒரு விதம். ஒன்று, பத்து, நூறு என்று ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனி அரைப் பைட்டில் எழுதுவது இன்னொரு விதம். செக்-டியின் தலைப்பில் ஃபைல் எண் இரண்டாவது விதத்தில் இருக்கும். நான் பழைய புரோகிராமிலிருந்து ஒட்டிய பகுதி முதல் விதத்தில் படித்தது. 1 முதல் 9 வரை இரண்டும் ஒன்றேதான். 10 வந்ததும் அது 16 ஆகிவிடும். 19 என்பது 25. 20 என்பது 32. 199 என்பது 409. 412 என்பது 1042.

பரிசோதனைக்கு நான் எடுத்தது 8 ஃபைல். இன்னும் இரண்டு கூடுதலாகப் பார்த்திருந்தால் போதும்.

லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். 7, 8, 9, 16, 17 என்று போய் 25, அப்புறம் 32. பத்துக்கு ஒருமுறை ஆறு ஆறாகத் தாவுகிறது, படிக்கட்டு மாதிரி. அந்த லிஸ்ட் இரண்டு வாரமாக என் மேசையில்தான் கிடந்தது. நான் பார்த்ததெல்லாம் கடைசிப் பக்கத்தில் இருந்த மொத்தக் கணக்கைத்தான். சில எண்கள் விட்டுப் போனது கண்ணில் பட்டபோதும், வெடிக்காத வெடியாக இருக்கும், அதற்கும் அண்ணாச்சிதான் பொறுப்பு என்று நினைத்திருக்கிறேன்.

எங்கள் அப்பா நெல் அளக்கும்போது கோட்டைக்கு 21 மரக்கால் என்று எண்ணுவார். வெளியூர் வியாபாரி ஒருவர் 20 என்று எண்ணிக் கணக்குப் போட்டு, பத்துக் கோட்டை தாண்டிய பிறகு, அப்பாவைத் திருடன் என்ற அளவுக்குப் பேசியதும், அப்பா ஒன்றும் சொல்லாமல் மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனதும் அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. அந்த வியாபாரியின் முகம் நினைவில்லை. அப்பா முகம் இருக்கிறது.

மாற்ற வேண்டியிருந்தது புரோகிராமில் மூன்று வரி. விடிவதற்குள் 7 டேப்புக்கும் எண்கள் சரியாகிவிட்டன. ரிப்போர்ட்டோடு கோர்த்தேன். ஒரு எண்கூடத் தவறவில்லை. அவர் வெடிக்கவில்லை என்று எழுதியிருந்த எண்கள் டேப்பிலும் இல்லை. 31-வது டிரேஸ் அவர் சொன்ன ஃபைலிலிருந்துதான் செத்திருந்தது. கோயில் கொடை அன்றைக்கு எடுத்த ஃபைல்களில் மைக் செட் சத்தம்கூடப் படத்தில் இரைச்சலாகத் தெரிந்தது. படிக்க வராத 4 ஃபைல்களில் இரண்டை மீட்டோம், இரண்டு போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சரியாயிடுச்சுல்ல, விடுங்க. வாடிக்கையாளர்கிட்ட புரோகிராம்ல சின்னத் திருத்தம்னு சொல்லிக்கலாம்" என்றார். அழிப்பை ஒரு மாதம் தள்ளி வைக்கச் சம்மதித்தார். என் முந்தைய கடிதத்தை வாபஸ் வாங்கி இன்னொன்று எழுத வேண்டும் என்றபோதுதான் முகம் சுளித்தார். நமக்கு நாமே ஏன் குழி வெட்ட வேண்டும் என்றார். அதில் எனக்கும் பாதி மனசு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் எழுதினேன். 'தவறு எங்கள் புரோகிராமில்; அப்சர்வர் ரிப்போர்ட் முழுக்கச் சரியானது' என்று. முதல் கடிதத்தைப் படித்த நாலு பேரும் இரண்டாவதைப் படித்தார்களா என்பது எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து ரிட்டயர் ஆகிற வரை, முதல் ஃபைல், கடைசி ஃபைல், நடுவில் பத்தைத் தாண்டியது ஒன்று, நூறைத் தாண்டியது ஒன்று என்று நாலையும் பைட்டாக அச்சடித்துக் கண்ணால் பார்க்காமல் நான் எந்த டேப்பையும் வெளியே விட்டதில்லை. சின்னப் பையன்கள் பின்னால் நின்று சிரிப்பார்கள். அவர்கள் காலத்தில் டேப் போய் டிஸ்க் வந்தது, செக்-ஒய்க்கும் 2002-ல் ஒரு திருத்தம், 2017-ல் ஒரு திருத்தம் என்று வந்தது. அதே 2017-ல் இப்படிப்பட்ட தரவுகளை எல்லாம் ஓரிடத்தில் சேர்க்க நொய்டாவில் தேசியத் தரவுக் களஞ்சியம் தொடங்கினார்கள். நாங்கள் மாற்றியதில் எதுவும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தால், அதற்குள்ளே அண்ணாச்சியின் எண்களும் இருக்கும்.

அடுத்த வருஷம் ஊருக்கு வந்தபோது தக்கலையில் இறங்கி அவர் வீட்டை விசாரித்துப் போனேன். ரிட்டயர் ஆகி, ரப்பரும் வாழையுமாக இருந்தார். கண்ணில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்ததும், "மக்கா, நீயா! லாரியில பாட்டரிய கீழ போட்டவன்லா நீ?" என்றார். அவர் சம்சாரம் கட்டன் சாயாவும் ஏத்தங்காய் வறுவலும் கொண்டு வைத்தார்.

கடிதம் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. சொல்லாமல் வந்திருக்கலாம். சொன்னேன். முழுவதும் கேட்டார். பத்து பதினாறான கதையைச் சொன்னபோது மட்டும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

"நான் எழுதின நம்பரு சரியா இருந்துதுல்லா?"

"ஒண்ணுகூட மாறல அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த லைன்ல கெணத்துப் பக்கம் ஒரு வெடி தள்ளி வச்சேன், அம்பத்தேழோ என்னவோ. வீட்டுக்காரன் ஒரே சண்டை, கெணறு இடிஞ்சிரும்னு. வேண்டாம்னு விட்டிருக்கலாம், ஒரு எடம் வெறுமையா போயிருமேன்னு தள்ளி வச்சேன். அது நல்லா வந்துதா மக்கா?"

நல்லா வந்திருந்தது என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் வந்திருந்தது.